பதுங்கிப் போக எந்த கிளாஸ்? ரோக், மங்க், ரேஞ்சர், அப்புறம் யாரும் கேட்காத ட்ரூயிட்

கேள்வி | 2 மார்ச் 2025

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை விளையாட்டு; கிளாஸ் என்பது பாத்திரத்தின் தொழில்) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். மூன்றாம் லெவலில் புது ஆட்டம் தொடங்குகிறோம். சத்தமில்லாமல் உள்ளே போய் வருகிற ஆளாக விளையாட ஆசை. "அதற்கு ரோக் ஒன்றுதான், மற்றதெல்லாம் வேஷம்" என்கிறார் நண்பர். ரோக் திருடன், மங்க் கைச்சண்டைத் துறவி, ரேஞ்சர் வேட்டைக்காரர். ஷாடோ மங்க், க்ளூம் ஸ்டாக்கர் ரேஞ்சர் என்ற சப்கிளாஸ்கள் (கிளாஸின் உட்பிரிவுகள்) இரண்டையும் படித்தேன், இரண்டும் பிடித்திருக்கிறது. நண்பர் சொல்வது சரியா?

2 மார்ச் 2025, இரவு

சரியில்லை. மூன்றாம் லெவலில் கணக்கே வேறு மாதிரி வருகிறது.

ரோக்: டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 16 என்றால் +3. ப்ரொஃபிஷியன்சி (பயிற்சி போனஸ்) +2, எக்ஸ்பர்டீஸ் (தனித் தேர்ச்சி) அதை இரட்டிப்பாக்குவதால் +4. மொத்தம் ஸ்டெல்த் (பதுங்கும் திறமை) +7. 20 முகப் பகடையை உருட்டி அதோடு இதைக் கூட்ட வேண்டும், 1 விழுந்தால் 8.

ஷாடோ மங்க்: அதே டெக்ஸ்டெரிட்டி, எக்ஸ்பர்டீஸ் கிடையாது, +5தான். ஆனால் 2 கீ (மங்க்கின் சக்திப் புள்ளிகள்) செலவழித்து பாஸ் வித்தவுட் டிரேஸ் மந்திரத்தைப் போட முடியும். அது ஸ்டெல்த்தில் +10 கூட்டுகிறது. ஆக +15. பகடையில் 1 விழுந்தாலும் 16. மான்ஸ்டர் நூலில் இருக்கும் சாதாரணக் காவலாளின் பாசிவ் பெர்செப்ஷன் (உருட்டாமலே கவனிக்கும் அளவு, பதுங்குகிறவர் எட்ட வேண்டிய எண்) 12. அந்தக் காவலாள் இந்த மங்க்கைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ரேஞ்சருக்கும் இதே மந்திரம் உண்டு. மூன்று பேரில் ரோக்தான் கடைசி. உங்கள் நண்பரிடம் இதைக் காட்டுங்கள்.

3 மார்ச் 2025, காலை

ரேஞ்சரைப் பற்றி அவசரத்தில் எழுதிவிட்டேன். பாஸ் வித்தவுட் டிரேஸ் இரண்டாம் நிலை மந்திரம். ரேஞ்சருக்கு இரண்டாம் நிலை ஸ்லாட் (ஒரு தடவை மந்திரம் போடச் செலவாகும் வாய்ப்பு) வருவது ஐந்தாம் லெவலில்தான். நீங்கள் தொடங்குவது மூன்றில். அதுவரை ரேஞ்சர் கையில் அது இல்லை.

3 மார்ச் 2025, இரவு

நேற்று எண்களை மட்டும் எழுதினேன். அந்த எண்களை நான் நம்பாமல் போன கதையைச் சொல்ல வேண்டும்.

என் முதல் நீண்ட ஆட்டத்தில் ரோக்தான் விளையாடினேன். ஐந்தாம் லெவல், டெக்ஸ்டெரிட்டி 18, ஸ்டெல்த் +10. மேசையில் வேறு யாருக்கும் +4ஐத் தாண்டவில்லை. ஒரு மலைக்கோட்டைக்குள் போக வேண்டியிருந்தது. "நீங்கள் எல்லாரும் இங்கேயே இருங்கள், நான் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முதல் கதவு, 19. இரண்டாவது, 24. மூன்றாவது, 17. நான்காவது கதவில் பகடை 1 காட்டியது. அங்கே இருந்தவனின் பாசிவ் பெர்செப்ஷன் 14. என் மொத்தம் 11.

அப்போதுதான் நான் எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்பது உறைத்தது. என் குழு 200 அடிக்கு அப்பால். முப்பது அடி வேகத்தில் ஓடினால் ஒரு சுற்றுக்கு 60 அடி. அவர்கள் வந்து சேர நான்கு சுற்று. நான் இரண்டாவது சுற்றில் விழுந்துவிட்டேன்.

பகடை மேல் பழி போடுவது சுலபம். பத்து போனஸ் இருக்கும்போது ஒரு தடவை உருட்டினால் தப்பிவிடலாம். ஆனால் நான்கு கதவுக்கு நான்கு தடவை உருட்டினேன். 80 சதவீத வாய்ப்பு என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அதையே ஐந்து தடவை தொடர்ந்து ஜெயிக்க வேண்டுமென்றால் 33 சதவீதம்தான். பதுங்கிப் போகிறவனைக் கொல்வது பெரும்பாலும் எதிரியின் கண் இல்லை, திரும்பத் திரும்பக் கேட்கப்படும் பகடைதான்.

அதனால் கிளாஸைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் டி.எம்.மிடம் (ஆட்டத்தை நடத்துகிறவரிடம்) ஒன்று கேட்டுவிடுங்கள்: ஒரு கட்டடத்துக்கு ஒரு தடவை உருட்டுவதா, ஒவ்வொரு அறைக்கும் ஒரு தடவையா? பதில் இரண்டாவது என்றால், மூன்றாம் லெவல் ரோக் பாவம்.

4 மார்ச் 2025

கேட்டவர் எழுதியிருக்கிறார்: குழுவில் பாலடின் (புனித வீரர்), கிளெரிக் (பூசாரி), ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஏற்கெனவே இருக்கிறார்கள். நான்காவது ஆள் இவர்.

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என் முதல் பதில் வேறாக இருந்திருக்கும். ட்ரூயிட்டின் மந்திரப் பட்டியலிலும் பாஸ் வித்தவுட் டிரேஸ் உண்டு. ட்ரூயிட்டுக்கு அது மூன்றாம் லெவலிலேயே வந்துவிடுகிறது, அதுவும் இரண்டு இரண்டாம் நிலை ஸ்லாட்டோடு. மங்க்கிடம் மூன்றாம் லெவலில் மூன்றே கீ. இரண்டை இதற்குக் கொடுத்துவிட்டால் சண்டைக்கு ஒன்று மிச்சம்.

யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

4 மார்ச் 2025, நள்ளிரவு

யோசித்தேன், பென்சிலோடு உட்கார்ந்து கணக்கும் போட்டேன். காவலாளின் பாசிவ் பெர்செப்ஷன் 12. உருட்டி மொத்தம் 12 வந்தால் தப்பிவிட்டதாக எங்கள் மேசையில் எடுத்துக்கொள்கிறோம், அதையே இங்கேயும் வைத்துக்கொள்கிறேன்.

ரோக் +7. தப்பும் வாய்ப்பு 80 சதவீதம்.
ட்ரூயிட் +2. 55 சதவீதம்.
கிளெரிக் +0, ஸ்கேல் மெயில் கவசம் போட்டிருந்தால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). சுமார் 20 சதவீதம்.
பாலடின் -1, செயின் மெயில், அதற்கும் டிஸ்அட்வான்டேஜ். 16 சதவீதம்.

நான்கு பேரும் தப்ப வேண்டுமென்றால் இந்த நான்கையும் பெருக்க வேண்டும். 1.4 சதவீதம் வருகிறது. கிட்டத்தட்ட எழுபது தடவையில் ஒரு தடவை.

இப்போது ட்ரூயிட் பாஸ் வித்தவுட் டிரேஸ் போட்டால்: ரோக்கும் ட்ரூயிட்டும் தோற்கவே முடியாது. கிளெரிக் 90, பாலடின் 81. பெருக்கினால் 73 சதவீதம்.

1.4இலிருந்து 73. ஒரே ஸ்லாட். இந்த விளையாட்டில் ஒரு குழுவின் கதியை ஒரே மந்திரம் இவ்வளவு தூரம் புரட்டிப் போடுவதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. செயின் மெயிலில் இருக்கும் பாலடின், தனியாகப் போகும் ரோக்குக்கு நிகராகப் பதுங்குகிறார்!

எனவே நான் 2ஆம் தேதி இரவு கேட்டுக்கொண்ட கேள்வியே தப்பு. யார் நன்றாக ஒளிகிறார் என்று பார்த்தேன். பார்க்க வேண்டியது, யார் மற்றவர்களையும் ஒளித்துக் கூட்டிக்கொண்டு போகிறார் என்பதை.

5 மார்ச் 2025

குழுவாக உருட்டும் விதியை ஏன் விட்டுவிட்டேன் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த விதிப்படி பாதிப் பேர் ஜெயித்தால் முழுக் குழுவும் ஜெயித்ததாகக் கணக்கு. அப்படியானால் மேலே சொன்ன நால்வருக்கு மந்திரம் இல்லாமலே 60 சதவீதம் வாய்ப்பு. மந்திரம் இருந்தால் 100, ஏனென்றால் ரோக், ட்ரூயிட் இரண்டு பேரே பாதி.

ஆனால் திடீர்த் தாக்குதலுக்கு அந்த விதியை எல்லா டி.எம்.மும் ஒப்புக்கொள்வதில்லை. 2014 நூலில் சர்ப்ரைஸ் பற்றிய பகுதி ஒளிந்திருக்கும் ஒவ்வொருவரின் உருட்டலையும் எதிரிகள் ஒவ்வொருவரின் பாசிவ் பெர்செப்ஷனோடு தனித்தனியாகத்தான் ஒப்பிடச் சொல்கிறது. நான் டி.எம்.மாக இருக்கும்போது, நடந்து போவதற்குக் குழு உருட்டல், பாய்ந்து தாக்குவதற்குத் தனித்தனி உருட்டல் என்று வைத்திருக்கிறேன். யாரும் சண்டை போட்டதில்லை.

5 மார்ச் 2025, மாலை

சர்ப்ரைஸ் என்றதும் அசாசின் (ரோக்கின் ஒரு சப்கிளாஸ், கொலையாளி) ஞாபகம் வந்தது. ரோக் எடுக்க நினைக்கிறவர்களில் பாதிப் பேர் அசாசினைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

2014 அசாசினின் மூன்றாம் லெவல் திறமை: சர்ப்ரைஸ் ஆன எதிரி மேல் அம்பு பட்டால் அது தானாகவே கிரிட்டிகல். ஷார்ட்போ (சிறு வில்) 1டி6 (ஆறு முகப் பகடை ஒன்று), ஸ்னீக் அட்டாக் (ரோக்கின் கூடுதல் சேதம்) 2டி6, கிரிட்டிகலில் எல்லாப் பகடையும் இரட்டிப்பு. 6டி6+3, சராசரி 24. மூன்றாம் லெவலில் சாதாரணக் காவலாள் யாரும் அதைத் தாங்க மாட்டான்.

அந்த எதிரி எப்போது சர்ப்ரைஸ் ஆகிறான்? ஆபத்து எதையுமே கவனிக்காமல் இருந்தால் மட்டும். அசாசினைக் கவனிக்காவிட்டாலும், பின்னால் சலசலவென்று வரும் பாலடினைக் கவனித்துவிட்டால் போயிற்று, சர்ப்ரைஸ் கிடையாது. அசாசினின் பெருமையெல்லாம் பாலடினின் அந்த 16 சதவீதத்தில் தொங்குகிறது!

ஒரு தடவை அசாசின் விளையாடிய நண்பருக்கு நான் டி.எம். எட்டு மாதம் ஆடினோம். அந்தத் தானியங்கி கிரிட்டிகல் அவருக்கு மூன்றே முறை கிடைத்தது. மூன்றும் அவர் தனியாக முன்னால் போனபோது. அந்த மூன்றிலும் முதல் எதிரி விழுந்ததும் மிச்சம் பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் வருத்தப்பட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் ஆட்டத்தில் ஒரு தப்பும் இல்லை. அந்த சப்கிளாஸுக்குத் தேவையான துணையை நாங்கள் யாரும் எடுத்து வைக்கவில்லை. அந்தக் குழுவில் ஒரு ட்ரூயிட்டோ, ட்ரிக்கரி டொமைன் கிளெரிக்கோ இருந்திருந்தால் எட்டு மாதமும் வேறு மாதிரி போயிருக்கும். (ட்ரிக்கரி கிளெரிக்குக்கு பாஸ் வித்தவுட் டிரேஸ் டொமைன் மந்திரமாகவே மூன்றாம் லெவலில் வந்துவிடும். கூடவே, அவர் தொட்ட ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஸ்டெல்த்தில் அட்வான்டேஜ், அதாவது இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். கிளெரிக் என்றதும் பலர் இதை நினைப்பதில்லை.)

7 மார்ச் 2025

பாஸ் வித்தவுட் டிரேஸைப் புகழ்ந்தே எழுதிவிட்டேன். அதன் எல்லைகளையும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் மேசையில் போய் ஏமாறுவீர்கள்.

மந்திரம் போட்டவரைச் சுற்றி 30 அடிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்த +10. ரோக் எட்டிப் பார்க்கிறேன் என்று 60 அடி முன்னால் போனால் அவருக்கு அது கிடையாது, பழைய +7தான். கண்ணுக்குத் தெரியாத 30 அடிக் கயிறு ஒன்று எல்லார் இடுப்பிலும் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அது கான்சன்ட்ரேஷன் மந்திரம், கவனம் கலைந்தால் போய்விடும். போட்டவர் அடி வாங்கினால் கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடல் வலுவைச் சோதிக்கும் உருட்டல்) போட வேண்டும். ஒரு பொறி வெடித்தால் ஒரே நொடியில் பாலடின் மறுபடி 16 சதவீதத்துக்கு இறங்கிவிடுவார்.

அப்புறம், அது சத்தத்தை அழிப்பதில்லை. கதவை உடைத்தால் கதவு உடைந்த சத்தம் கேட்கத்தான் செய்யும். ஸ்டெல்த் உருட்டலில் +10 வைத்துக்கொண்டு கதவை உதைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பூட்டைத் திறக்க ஒரு ஆள் வேண்டும். தீவ்ஸ் டூல்ஸில் பயிற்சி ரோக்குக்குத் தானாகவே உண்டு, மங்க்குக்கோ ரேஞ்சருக்கோ அவர்கள் கிளாஸ் அதைத் தருவதில்லை. இங்கேதான் என் மனம் உங்கள் நண்பர் பக்கம் சாயத் தொடங்குகிறது.

8 மார்ச் 2025

க்ளூம் ஸ்டாக்கர் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று கேட்டவர் நினைவூட்டினார்.

சொல்கிறேன். 2017இல் வந்த சப்கிளாஸ். இருட்டில், டார்க்விஷனை (இருட்டிலும் பார்க்கும் திறனை) நம்பிப் பார்க்கிற எவர் கண்ணுக்கும் இந்த ரேஞ்சர் தெரிவதில்லை. மூன்றாம் லெவலிலேயே. செலவு எதுவும் இல்லை, கான்சன்ட்ரேஷனும் இல்லை. டஞ்சனுக்குள் வாழும் ஜந்துக்களில் பெரும்பாலானவை டார்க்விஷன் உள்ளவை, ஆகவே அவற்றின் வீட்டுக்குள்ளேயே இவர் மறைந்து நடமாடலாம். இனிஷியேட்டிவில் (சண்டையில் யார் முதலில் என்று பார்க்கும் உருட்டலில்) விஸ்டம் மாடிஃபயரும் (விவேகத்துக்கான போனஸும்) சேருகிறது, முதல் சுற்றில் ஒரு கூடுதல் தாக்குதலும் அதில் 1டி8 கூடுதல் சேதமும். தனி ஆளாகப் பார்த்தால் மூன்றாம் லெவலில் இதைவிட ஆபத்தான பதுங்கல்காரர் இல்லை.

ஆனால் தீப்பந்தம். ஒரே ஒரு தீப்பந்தம். சுற்றி 20 அடி முழு வெளிச்சம், அதைத் தாண்டி 20 அடி மங்கல். அந்த 40 அடிக்குள் இந்தத் திறமை வேலை செய்யாது. மனிதக் காவலாட்களுக்கு டார்க்விஷன் இல்லை, அதனால் அவர்கள் எப்போதும் வெளிச்சத்தோடுதான் இருப்பார்கள். நான் இரண்டு வருடம் க்ளூம் ஸ்டாக்கர் விளையாடினேன். முதல் பாதி குகைகள், நான் ராஜா. இரண்டாம் பாதி முழுவதும் ஊருக்குள் அரசியல், எங்கே பார்த்தாலும் விளக்கு. அதைவிடக் கொடுமை, எங்கள் குழுவிலேயே ஒரு மனித விசார்ட். அவருக்குக் கண் தெரிய வேண்டும், அதனால் எப்போதும் கையில் வெளிச்சம். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

உங்கள் ஆட்டம் எங்கே நடக்கப் போகிறது என்று டி.எம்.மிடம் கேளுங்கள். பாதாளம் என்றால் க்ளூம் ஸ்டாக்கர். ஊர் என்றால் வேண்டாம்.

8 மார்ச் 2025, இரவு

வெளிச்சத்தைப் பற்றி எழுதியதும் என் பழைய கணக்கில் ஒரு ஓட்டை தெரிந்தது. மங்கலான வெளிச்சத்தில் கண்ணால் பார்க்கும் பெர்செப்ஷனுக்கு டிஸ்அட்வான்டேஜ். பாசிவ் என்றால் 5 குறையும். டார்க்விஷன் உள்ளவனுக்கும் முழு இருட்டு என்பது மங்கல் வெளிச்சம்தான், ஆக அவனுக்கும் 5 குறையும். 12 என்பது 7 ஆகிவிடுகிறது. மந்திரமே இல்லாமல் நால்வரும் தப்பும் வாய்ப்பு 1.4இலிருந்து சுமார் 17 சதவீதமாக ஏறுகிறது.

இது கண்ணுக்கு மட்டும். செயின் மெயில் உரசும் சத்தம் காதுக்கு, அதற்கு இருட்டு உதவாது. டி.எம். எதை எடுத்துக்கொள்வார் என்பது அவர் பாடு. இருந்தாலும் பந்தத்தை அணைப்பது இலவசம்.

11 மார்ச் 2025

நேற்று எங்கள் ஆட்டத்தில் நடந்ததை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

நான் டி.எம். ஒரு வியாபாரியின் மாளிகை, உள்ளே ஒரு கடிதம். ஸ்டெல்த், காவலாட்கள், மாடி ஜன்னல் என்று எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ட்ரூயிட் விளையாடுகிறவர் அமைதியாகக் கேட்டார்: "கதவுக்கு அடியில் இடுக்கு இருக்கிறதா?" இருக்கிறது என்றேன். ட்ரூயிட்டால் மிருக உருவம் எடுக்க முடியும். சிலந்தியாக மாறி உள்ளே போய்விட்டார்.

சாதாரணச் சிலந்தி. ஒரே ஒரு ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி), ஸ்டெல்த் +4. நான் எழுதி வைத்த ரோக்கின் +10 முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அதற்கு ஒளிய வேண்டிய தேவையே இல்லை. காவலாள் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன செய்வார்? சிலந்தி. திரும்பிக்கொண்டார்.

ஒளிவது என்றால் கண்ணில் படாமல் இருப்பது என்றே இந்த இழை முழுக்க எழுதி வந்திருக்கிறேன். கண்ணில் பட்டும் யாரும் பொருட்படுத்தாமல் இருப்பது அதைவிடப் பெரிய காரியம். வார்லாக் என்ற கிளாஸின் மாஸ்க் ஆஃப் மெனி ஃபேசஸ், கணக்கில்லாமல் வேஷம் போடும் திறமை, இந்த வகைதான். சமையல்காரனாக முன்வாசல் வழியே நடந்து போகிற பார்டும் (பாடகர் கிளாஸ்) இந்த வகைதான். அவர்களுக்கு ஸ்டெல்த் உருட்டலே தேவைப்படுவதில்லை, வேறு உருட்டல் தேவைப்படும்.

சிலந்தியால் கடிதத்தைத் தூக்க முடியவில்லை என்பது வேறு விஷயம். உள்ளே மனித உருவத்துக்குத் திரும்பி, கடிதத்தைப் படித்து மனப்பாடம் செய்துகொண்டு, மறுபடி சிலந்தியாகி வெளியே வந்தார். 2014 விதிப்படி ஓய்வுக்கு முன் இரண்டு தடவைதான் மாற முடியும். இரண்டும் சரியாகப் போயிற்று. மேசையில் எல்லாரும் கைதட்டினோம்.

12 மார்ச் 2025

நேற்று எழுதிய ஆட்டத்தில் ஒரு சங்கடமும் இருந்தது. சிலந்தி உள்ளே இருந்த நாற்பது நிமிடமும் மற்ற மூன்று பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இரண்டு தடவை நேரம் பார்த்தார். ட்ரூயிட்டும் நானும் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில் அதை நான் கவனிக்கத் தாமதமாகிவிட்டது.

தனியாகப் பதுங்கிப் போகிற எந்த கிளாஸுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. மேசையில் நான்கு பேர் இருக்கிறார்கள், விளையாடுவது ஒருவர். அடுத்த தடவை வெளியே இருப்பவர்களுக்கும் ஏதாவது வேலை கொடுப்பேன், வாசலில் பேச்சுக் கொடுப்பது, வண்டியைத் தயார் செய்வது, எதுவானாலும்.

15 மார்ச் 2025

பழைய பதிப்புகளில் திருடன் (இன்றைய ரோக்) இன்னும் வலிமையாக இருந்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை, நான் விளையாடியிருக்கிறேன்.

1974இல் வந்த முதல் விதிகளில் திருடன் என்ற கிளாஸே இல்லை. 1975இல் கிரேஹாக் என்ற இணைப்பில்தான் வந்தான். 1978 அட்வான்ஸ்ட் விதிகளில் முதல் லெவல் மனிதத் திருடனுக்கு நிழலில் மறைய 10 சதவீதம், ஓசையில்லாமல் நடக்க 15 சதவீதம். இரண்டும் தனித்தனி உருட்டல். இரண்டும் வேண்டுமென்றால் 1.5 சதவீதம். சுவர் ஏற மட்டும் 85. நாங்கள் அந்த விதிகளை ஒரு விடுமுறை முழுக்க ஆடியபோது என் திருடன் ஒரு தடவைகூட மறையவில்லை. நிறைய சுவர் ஏறினான்.

பிறகு ஒரு அனுபவசாலி விளக்கினார்: யார் வேண்டுமானாலும் பீப்பாய்க்குப் பின்னால் ஒளியலாம், அதற்குப் பகடை வேண்டாம். ஒளிய எதுவுமே இல்லாத வெறும் நிழலில் மறைவதுதான் திருடனின் அந்த 10 சதவீதம் என்றார். அப்படிப் படித்தால் அர்த்தம் வருகிறது. விதிநூல் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை, ஆனால் ஆட அதுதான் நன்றாக இருக்கிறது.

ஒளிவதும் ஓசையில்லாமல் நடப்பதும் 2000இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் இரண்டு தனித் திறமைகள்தான். 2008இல் நான்காம் பதிப்பில் ஸ்டெல்த் என்று ஒன்றாயின. அந்த ஒரு மாற்றம் பதுங்குகிறவர்களுக்குச் செய்த நன்மை எந்தப் புதுச் சப்கிளாஸும் செய்ததில்லை.

19 மார்ச் 2025

2024 விதிகளில் ஆடுகிறவர்கள் மேலே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷாடோ மங்க்கின் பட்டியலிலிருந்து பாஸ் வித்தவுட் டிரேஸை எடுத்துவிட்டார்கள். என் 2ஆம் தேதிப் பதில் அங்கே செல்லாது. ஒளிவதற்கு இப்போது குறைந்தது 15 உருட்ட வேண்டும், எதிரி யாராக இருந்தாலும். செயின் மெயில் பாலடினுக்கு அது 6 சதவீதம், பாஸ் வித்தவுட் டிரேஸ் இருந்தால் 56. சர்ப்ரைஸ் என்பது இனிஷியேட்டிவில் டிஸ்அட்வான்டேஜ் என்று சுருங்கிவிட்டது, அசாசினும் அதற்கேற்ப மாறிவிட்டது, இப்போது அது பாலடினை நம்பி இல்லை. என் நண்பரிடம் சொன்னேன். மறுபடி அசாசின் எடுக்கப் போகிறாராம்.

ரோக்கின் ரிலையபிள் டாலென்ட் 11ஆம் லெவலிலிருந்து 7க்கு வந்துவிட்டது. பகடையில் 9 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் 10 ஆக எடுத்துக்கொள்ளும் திறமை. 3ஆம் தேதி எழுதிய அந்த நான்காவது கதவை நினைத்துப் பாருங்கள். +10 ஸ்டெல்த்தோடு அது எனக்கு அன்று இருந்திருந்தால் என் மொத்தம் 20க்குக் கீழே இறங்கியே இருக்காது. எத்தனை கதவு இருந்தாலும் சரி, எத்தனை தடவை உருட்டச் சொன்னாலும் சரி. குழுவை விட்டு 30 அடி தாண்டிப் போகிறவருக்கு இதுதான் துணை. ரோக்கைக் கடைசி என்று எழுதினேன். மூன்றாம் லெவலுக்கு மட்டும் அது பொருந்தும் என்று சேர்த்துக்கொள்கிறேன்.

22 மார்ச் 2025

கேட்டவர் இன்று மறுபடி கேட்டார், நாளை முதல் ஆட்டம், முடிவாக எது என்று.

ரோக் எடுங்கள். நான் தொடங்கியதற்கு நேர் எதிர், தெரியும். உங்கள் குழுவில் ட்ரூயிட் இருப்பது தெரிந்த பிறகு வேறு பதில் இல்லை. +10 அவரிடமிருந்து வந்துவிடும், அதையே இன்னொரு தடவை மங்க்கிடம் வாங்கிப் பயனில்லை, இரண்டும் ஒன்றோடொன்று கூடாது. உங்கள் குழுவில் இல்லாதது பூட்டைத் திறக்கிற, பொறியைக் கழற்றுகிற கை. ஊர்க் கதையா குகையா என்று டி.எம். இன்னும் சொல்லவில்லை என்கிறீர்கள், ஆகவே க்ளூம் ஸ்டாக்கரும் வேண்டாம். சப்கிளாஸ் தீஃப். அசாசின் எடுத்தால் நால்வரும் ஒளிந்த பிறகே உங்களுக்கு வேலை, அதை 73 சதவீதத்தில் ஆட உங்களுக்குச் சம்மதமென்றால் எடுங்கள்.

இன்று இரவே ட்ரூயிட் ஆடுகிறவரிடம் பேசுங்கள். அந்த மந்திரத்தை நாளைக் காலை அவர் தயார் செய்து வைக்க வேண்டும், ஒரு ஸ்லாட்டை அதற்கென்று விட்டுவைக்க வேண்டும். அவர் அதைச் சண்டை மந்திரத்துக்கு வைத்திருக்க நினைத்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, அது அவர் கேரக்டர்.

22 மார்ச் 2025, கொஞ்ச நேரம் கழித்து

கிளெரிக்கிடமும் பேசுங்கள். ஸ்கேல் மெயிலுக்குப் பதில் செயின் ஷர்ட் போட்டால் டிஸ்அட்வான்டேஜ் இல்லை. ஆர்மர் கிளாஸில் (அடி படாமல் காக்கும் எண்ணில்) ஒன்றுதான் குறையும்.